யார் சொன்னால் கேட்பார்கள்?

புதிய ரக விதையைப் பற்றி வேளாண்மை அலுவலர் பலமுறை எடுத்துரைத்தாலும், பக்கத்து வயல்காரர் விதைத்துப் பார்த்த பிறகே மற்றவர்கள் விதையை மாற்றுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ஆராய்ந்த ரையன், கிராஸ் இருவரும் 1943-இல் கண்டதும் இதுவே. செய்தியைக் கொண்டுவந்தவர் விதை விற்பனையாளர். நம்பவைத்தவர் அண்டை உழவர்.

விதைக்குப் பொருந்துவது ஆணுறைக்கும் பொருந்துமா? எச்.ஐ.வி. கிருமிக்குத் தக்க மருந்து இல்லாத அந்நாளில், ஜெப்ரி கெல்லி என்ற உளவியலாளர் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சி நகரில் இதைச் சோதித்தார். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் கூடும் மதுக்கூடங்களில், எல்லோரும் விரும்பிப் பழகுகிறவர் யார் யார் என்பதை அங்கே மது பரிமாறுகிறவர்களைக் கொண்டே கண்டறிந்தார். (இதைவிட நம்பகமான சாட்சி கிடைப்பது அரிது!) 43 பேர் பயிற்சி பெற்றனர். அவர்கள் மேடை ஏறவில்லை. போக்குவரத்து விளக்கின் படம் பொறித்த வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டனர். அது என்னவென்று நண்பர் கேட்டால் பேச்சு தானே தொடங்கிவிடும். பாதுகாப்பற்ற உறவு அங்கே குறைந்தது. ஒப்பிட்ட நகரங்களில் அத்தகைய மாற்றம் இல்லை. இம்முடிவு 1991-இல் வெளியாயிற்று.

கறுப்பின இளைஞர்களிடம் இம்முறையை அப்படியே கொண்டுசெல்ல இயலாது. வெளியே நிறவெறி, தம் இனத்தாரிடையே தன்பாலீர்ப்பைப் பழிக்கும் பேச்சு. தன்னையே தாழ்வாக எண்ணுகிறவன் தன்னைக் காத்துக்கொள்ள முனைவானா? ஆகவே வட கரோலினாவின் மூன்று நகரங்களில், இவ்விரு சுமைகளையும் பேசும்படி பயிற்சி மாற்றி அமைக்கப்பட்டது. ஓராண்டில் பாதுகாப்பற்ற உறவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008-இல் அறிவித்தனர்.

கறுப்பினத்தவர் கவனக்குறைவானவர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். வெள்ளையரைவிட அவர்கள் அதிகமாக ஆபத்தில் இறங்குவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர்கள் பழகும் வட்டத்தில் கிருமி ஏற்கெனவே மிகுதி; மருத்துவ வசதியோ குறைவு. அன்றைய நிலை நீடித்தால் இவர்களில் இருவருக்கு ஒருவர் வாழ்நாளில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாவார் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2016-இல் கணக்கிட்டது. மருந்தகமும் மருத்துவரும் எட்டாத இடத்தில் நண்பனின் சொல் மட்டும் என்ன செய்யும்?

சென்னை மதுக்கடைகள் உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு (2010) ஒன்றும் இங்கே நினைக்கத் தக்கது. நண்பர் பேச்சு நடந்த இடங்களிலும் நடக்காத இடங்களிலும் ஆபத்தான பழக்கம் ஒரே அளவில் குறைந்தது. பரிசோதனையும் ஆலோசனையும் இரு சாராருக்கும் கிடைத்திருந்தன.

இன்று நண்பர்கள் சொல்ல வேண்டியதும் கூடிவிட்டது. தொற்று வராமல் காக்கும் மாத்திரைக்கு அமெரிக்கா 2012-இல் அனுமதி அளித்தது. தொற்று உள்ளவர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் பிறருக்கு அது பரவுவதில்லை.