3,500 ரூபாயோடு நின்றுபோன சட்டம்

பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்குள் ஒரு வீடு அமைந்துவிட்டால் உங்களுக்குக் கவலையில்லை. 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் துணைக்கு நிற்கும். தக்க காரணம் இல்லாமல் ஓனர் காலி செய்யச் சொல்ல முடியாது. நினைத்தபடி வாடகையை ஏற்றவும் முடியாது. வாடகை அந்த வரம்பைத் தாண்டினால் உங்களுக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. 2001 டிசம்பர் 31 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, 3,500 என்பது நடுத்தரக் குடும்பம் கொடுக்கும் வாடகை. இன்று எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறையில் ஒரு கட்டிலுக்குக்கூட அது காணாது.

ஆக, ஐ.டி. ஊழியரிலிருந்து ஆட்டோ ஓட்டுநர் வரை நகரத்து வாடகைக்காரர் ஏறக்குறைய எல்லாரும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் குடியிருக்கிறார்கள். அங்கே ஆட்சி செய்வது அட்வான்ஸ்.

டெல்லியிலும் மும்பையிலும் இரண்டு, மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். பெங்களூரின் வழக்கம் பத்து மாதம். அண்மை ஆண்டுகளில் பெரிய அடுக்ககங்களில் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள். தனி வீடுகளில் இன்னும் பத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முப்பதாயிரம் ரூபாய் வாடகையுள்ள இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்துக்கொள்வோம். அட்வான்ஸ் மூன்று லட்சம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை. பால் காய்ச்சுவதற்கு முன்பே 3,60,000 கைவிட்டுப் போயிருக்கும். அந்த மூன்று லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் மாதம் 1,750 ரூபாய் கிடைத்திருக்கும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். பதினொரு மாதமே இருந்திருந்தாலும் இதுதான் வழக்கம். அது மாதத்துக்கு 2,700 ரூபாய்க்கு மேல். போர்டில் முப்பதாயிரம் என்று எழுதியிருக்கும் வீட்டின் உண்மையான வாடகை முப்பத்து நாலரை ஆயிரம். மெயின்டனன்ஸ் தனி. வாடகை ஏறியது, இறங்கியது என்று வரும் அறிக்கைகள் எதிலும் இந்த நாலரை ஆயிரம் கணக்கில் வருவதில்லை.

இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. எச்.ஏ.எல். 1940இலும், ஐ.டி.ஐ. 1948இலும், எச்.எம்.டி. 1953இலும், பி.இ.எல். 1954இலும் இங்கே வேர்விட்டன. தொழிற்சாலையோடு குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கட்டித் தந்தன. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த சிறு வீடுகள், மல்லேஸ்வரம், பசவனகுடிப் பக்கத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து குடித்தனம் இருந்த வளாகங்கள் என்று, குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்களுக்கும் குறைந்த வாடகையில் ஏதோ ஒன்று இருந்தது. பின்னால் வந்த ஐ.டி. நிறுவனங்கள் வேலை கொடுத்தன, கேப் கொடுத்தன, மதியச் சாப்பாடுகூடக் கொடுத்தன. வீடு கட்டித் தரும் பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்கள் 30க்கு 40 அடி மனை வைத்திருந்த சாதாரண ஆட்கள்.

1,200 சதுர அடி. கீழே கார் நிறுத்த இடம், மேலே மூன்று மாடி, ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ வீடு, ஒரு மாடியில் ஓனர். பொம்மனஹள்ளி, மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கட்டடம்தான். நகரத்துக்கு வீடு கொடுப்பது விளம்பரங்களில் வரும் பெரிய பில்டர் மட்டுமல்ல, ஓய்வுபெற்ற பி.இ.எல். தொழிலாளியும், மனையாக விற்றதுபோக மிச்சத்தில் தனக்கென ஒன்றைக் கட்டிக்கொண்ட ராகி விவசாயியும்தான். அவர்களுக்கு வாடகைதான் பென்ஷன். வங்கிக் கடனும் அதிலிருந்துதான் அடைகிறது. குடியிருப்பவர் நாலு மாதம் வாடகை தராமல் உட்கார்ந்துகொண்டால், 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நோட்டீஸ் விட்டு, சிவில் நீதிமன்றம் போய், வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். அதனால்தான் ஓனர் பத்து மாத வாடகையை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார். அவருக்கு அட்வான்ஸ்தான் நீதிமன்றம். பேராசை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த நீதிமன்றத்தில் வாதி, நீதிபதி இரண்டும் ஓனரே. சுவரில் ஆணி அடித்த ஓட்டை, குழாயில் உப்புப் படிந்த கறை எல்லாவற்றுக்கும் அவரே விலை போடுகிறார். ஒத்துக்கொள்ளாதவர் நாற்பதாயிரம் ரூபாய்க்காக வக்கீல் வைத்து சிவில் வழக்குப் போட வேண்டும். யார் போடுவார்கள்? அடுத்த வீட்டு அட்வான்ஸுக்குப் பணம் வேண்டுமே. கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

கொரோனா காலத்தில் தராசு ஒருமுறை சாய்ந்தது. 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் சேலத்துக்காரர் சேலத்துக்கும் கட்டாக்காரர் கட்டாக்குக்கும் போய்விட்டார்கள். தெருவுக்குத் தெரு டு-லெட் போர்டு தொங்கியது. ஓனர்களே போன் செய்து வாடகையைக் குறைத்தார்கள். 2022இல் அலுவலகங்கள் திரும்ப அழைத்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் புதுக் கட்டடங்களோ மந்தகதியில்தான் எழுந்திருந்தன. சர்ஜாபூர் சாலையில் 2021 இறுதிக்கும் 2024 இறுதிக்கும் இடையில் வாடகை 76 சதவீதம் ஏறியதாக அனராக் நிறுவனம் கணக்கிட்டது. அதே சாலையில் வீட்டு விலை ஏறியது 63 சதவீதம்தான். விலையை வாடகை முந்துவது நம் நாட்டில் அடிக்கடி நடப்பதல்ல.

அந்த நாட்களில் ஓனர்கள் லிங்க்ட்இன் பக்கத்தைக் கேட்டார்கள், தன்னைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீத மதிப்பெண்தான் என்பதற்காக ஒருவருக்கு வீடு மறுக்கப்பட்ட கதை 2023 ஏப்ரலில் நாடு முழுக்கச் சுற்றியது. சிரித்துவிட்டோம். மதிப்பெண்ணாவது அடுத்த தேர்வில் ஏறும். சாதியும் மதமும் பார்த்து, கறி சமைப்பவரா என்று கேட்டு, கல்யாணம் ஆகாதவர் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது எந்தச் செய்தியிலும் வராமல் தினமும் நடக்கிறது.

2024 கோடையில் கேள்வி கேட்கும் முறை மாறியது. வீடு பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது வாடகையை அல்ல: “காவேரி தண்ணி வருதா, போர்வெல்லா?” ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, லாரித் தண்ணீர் விலை எகிறி, மார்ச் மாதம் மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். ஓனர் தண்ணீருக்குக் கொடுத்த பணம் மெயின்டனன்ஸ் என்ற பெயரில் வாடகைக்காரர் தலையில் இறங்கியது. அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்று அறிவித்தார்கள். இணைப்பு வந்த தெருவில் அடுத்த டு-லெட் விளம்பரத்தின் முதல் வரி ‘காவேரி வாட்டர்’. அரசு போட்ட குழாயின் பலன் ஓனருக்கு வாடகையாகிறது. மெட்ரோவும் அப்படித்தான். 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு வரை ஊதா தடம் முழுமையானது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திராவுக்கு மஞ்சள் தடம் வந்தது. பயண நேரத்தில் மிச்சமானதை வாடகையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

2023இல் வந்த கிருஹ ஜோதி திட்டம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தந்தது, வாடகைக்காரர்களுக்கும் உண்டு. வாடகை ஒப்பந்தம் வேண்டும், வீட்டுக்கென்று தனி மீட்டர் வேண்டும். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலிக்கும் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இரண்டில் ஒன்றாவது இருக்காது.

வருமான வரிக் கணக்கிலும் பெங்களூருக்கு நெடுங்காலம் ஓரவஞ்சனைதான் நடந்தது. 1962ஆம் ஆண்டு விதிகளின்படி, வீட்டு வாடகைப்படிக்கான விலக்குக்கு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்குக்குத்தான் சம்பளத்தில் 50 சதவீத வரம்பு இருந்தது. மற்ற ஊர்களுக்கு 40. சென்னையின் பல பகுதிகளைவிட வாடகை கூடுதலான பெல்லந்தூர், அந்த விதியில் ‘மற்ற ஊர்’ ஆகவே இருந்தது.

மாத வாடகைக்குப் பயந்து லீசுக்குப் போகிறவர்களும் உண்டு. பத்து, பதினைந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் இரண்டு மூன்று ஆண்டு இருந்து, போகும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது; நம்மூர் போக்கியம்தான். ஊரில் நிலத்தை விற்ற பணத்தை இதில் போடுகிறார்கள். ஓனர் அந்த வீட்டின் மேல் வாங்கிய கடனைக் கட்டவில்லை என்றால் ஒருநாள் வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வங்கியை எதிர்த்து நீண்ட நாள் நிற்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, குடியிருப்பவரிடம் லீஸ் தொகையை வாங்கிக்கொண்டு, இடையில் ஆள் காணாமல் போகும் இடைத்தரகர்கள் வேறு. லீசுக்குப் போகுமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதும், ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதும் செலவல்ல, காப்பீடு.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதினொரு மாத ஒப்பந்தம் பிறந்ததே அதைத் தவிர்க்கத்தான். ஒன்றிய அரசு 2021இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம் போதும் என்றது. வாடகை மாநில அரசின் அதிகாரம். அதனால் அது மாதிரியாகவே இருக்கிறது. ‘டெல்லியில் புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி இரண்டு மாத அட்வான்ஸ்தான்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை ஓனரிடம் காட்டிப் பயனில்லை.

அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்தால் சட்டம் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. எந்த வாடகையானாலும் ஒப்பந்தம் எழுதிப் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாதம். வாடகைத் தகராறுக்கென்று தனி அதிகாரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் மூன்று மாத வரம்பு பொருந்தாது என்று அதே பிரிவு வழியும் விட்டிருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டி வாடகைக்குப் பயந்து ஓசூருக்கு வருகிறவர், இங்கேயும் முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தத்துக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார். பதியாததால் அந்த அதிகாரியிடம் போக முடிவதில்லை.

ஆகவே கர்நாடகம் 3,500ஐ முப்பத்தைந்தாயிரமாகத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 1961ஆம் ஆண்டின் பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஞாபகம் வைத்திருக்கும் ஓனர்கள், அப்படி ஒன்று வந்தால் வீட்டைப் பூட்டி வைப்பார்களே தவிர வாடகைக்கு விடமாட்டார்கள். வாடகையைச் சந்தையே முடிவு செய்யட்டும். அட்வான்ஸை மட்டும் ஓனர் கையிலிருந்து எடுத்து, முத்திரைக் கட்டணம் கட்டும் அதே அரசுக் கணக்கில் போட்டு வைக்கட்டும். காலி செய்த முப்பது நாளில், வாடகை பாக்கியும் ரசீது உள்ள சேதமும் போக மீதி குடியிருந்தவருக்குப் போய்ச் சேரட்டும். நியூசிலாந்தில் வாடகை முன்பணத்தை இப்படி அரசே வாங்கி வைத்திருந்து பட்டுவாடா செய்கிறது. அங்கே அது நாலு வார வாடகைக்கு மேல் இருக்கவும் கூடாது. வாடகை பாக்கி வைத்தவரை வெளியேற்ற ஓனருக்கும் அதே அலுவலகம் விரைவாக வழி செய்யுமானால், பத்து மாதம் கேட்க அவருக்கும் காரணம் இருக்காது.