கந்தோர்க் கடிதம்

திருக்கோணமலை என்றதும் கோணேசர் ஆலயமும் ஆழ்ந்த துறைமுகமுமே வெளியூரார் நினைவுக்கு வரும். இந்நகரின் இயல்பை அறிய விரும்புவார் ஒரு காலைப்பொழுது கடைத்தெருவில் நின்று செவிகொடுத்தல் வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் போயினர். அவர்தம் அலுமாரியும் மேசையும் நம் இல்லங்களில் உள்ளன. ஒல்லாந்தர் போயினர்; அவர் தந்த 'கந்தோர்' என்னும் சொல் நிலைத்தது. 1795இல் கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1957இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்தனர்.

மாவட்டத்திலே நூற்றுக்கு 40 பேரளவில் முஸ்லிம்கள், 30 பேருக்குச் சற்று மேலாக இலங்கைத் தமிழர், 27 பேரளவில் சிங்களவர் என்பது 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் கணக்கு. 1881இல் சிங்களவர் நூற்றுக்கு ஐவரினும் குறைவு. கந்தளாய், அல்லை முதலாய குடியேற்றத் திட்டங்களும், 2009 வரை நீண்ட போரால் நேர்ந்த இடப்பெயர்வுகளும் இக்கணக்கைப் பெரிதும் மாற்றின.

எனினும் இனம், சமயம், மொழி மூன்றும் இங்கே ஒரே எல்லையில் நில்லா. சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பேசுவது தமிழ். மூதூர், வெருகற் பக்கத்துக் கரையோர வேடர் பேசுவதும் தமிழே. பறங்கியர் சிலரது இல்லங்களிற் போர்த்துக்கேயக் கலப்புமொழியும் வழங்கிவந்துள்ளது.

இவற்றையெல்லாம் மாணவர்க்கு விரித்துரைத்துவந்த எனக்கு ஒருநாள் தலைகுனிய நேர்ந்தது. பேருந்து நிலையத்திலே கிண்ணியாவைச் சேர்ந்த முதிய தாயொருவர் ஒரு கடிதத்தை நீட்டி, "சேர், இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். ஒரு கந்தோரிலிருந்து தனிச் சிங்களத்தில் வந்த கடிதம் அது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதை யான் அறிவேன். அக்கடிதத்தில் ஓரெழுத்தும் அறியேன். நன்னூற் சூத்திரங்களை மனனஞ் செய்த பண்டிதன் வாளா நின்றேன்.

அருகில் நின்ற மீன் வணிகரான சிங்கள இளைஞர் அதனை வாங்கிப் படித்தார். "உம்மா, காணி உறுதியோட நாளைக்குள்ள வரட்டாம்" என்று நம்மூர்த் தமிழிலே சொன்னார். அத்தாய் அவர் தலையைத் தடவி வாழ்த்திவிட்டு விரைந்தார். அவ்விளைஞர் தமிழ் கற்றது எப்பள்ளியில் என வினவினேன். "மீன் சந்தையில, ஐயா" என்றார்.

தமிழிற் கடிதம் பெறுதல் அத்தாயின் உரிமை. அதனைக் கேட்டுப் பெற்றுக்கொடுத்தல் நம் கடன். அயலார் மொழியைக் கற்றலும் கடனே என்பதை அவ்விளைஞர் உணர்த்தினார். இப்பொழுது மாலைதோறும் சிங்கள அரிச்சுவடி எழுதிப் பழகுகின்றேன். என் கோணல் எழுத்தைக் கண்டு மகள் நகைக்கின்றாள், நகைக்கட்டும்.