உங்களுக்குத் தெரியுமா? சூளைக்கு 300 மீற்றர் எல்லை

வேலணையின் சாட்டிக் கடற்கரையில் முருகைக்கல் தோண்டிச் சுண்ணாம்புச் சூளை மூட்டினால் அது குற்றம். இலங்கையின் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில், அதாவது உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள், இரண்டையும் தடைசெய்தது. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட சட்டம்தான். ஆனால் காபன் கணக்கிலும் அது வேலை செய்கிறது. ஒரு தொன் தூய சுண்ணக்கல் முழுதாக வெந்தால், கல்லிலிருந்து மட்டும் சுமார் 440 கிலோ காபனீரொட்சைட்டு கிளம்பும். விறகுப் புகை தனி. (சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) சீமெந்தும் சுண்ணக்கல்லைச் சுட்டே பிறக்கிறது. டென்மார்க்கோ 2023இல், 1,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் காபன் வெளியீட்டுக்கே, சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு 12 கிலோ என்று நேரடியாக வரம்பு கட்டியது.