கழுத்தைப் பார்த்து வாங்கு!

அக்காவுக்குச் சீட்டு விழுந்தது. எனக்குத் தலைவலி விழுந்தது.

"முழுசா இருபதாயிரம்டா. இவளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வேணுமாம். நீ பி.காம். படிச்சவன். புதுசா, பழசான்னு பார்த்து வாங்கிக் குடு" என்றாள் அக்கா. பாராட்டுகிறாளே என்று நான் நிமிர்வதற்குள் அடுத்த அம்பு வந்தது. "உன் கிட்டார் மாதிரி இதுவும் பரண்ல தூங்கிச்சுன்னா... அப்புறம் இருக்கு உனக்கு!"

அந்தச் சோகக் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பாவிடம் அடம் பிடித்துப் புத்தம் புது எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். (கடையில் இருந்ததிலேயே மலிவானது.) நாலே மாதம்தான். விரல் நுனியெல்லாம் பிளேடால் கோடு கிழித்த மாதிரி ஆனதுதான் மிச்சம். 'நமக்குச் சங்கீதம் வராது' என்று தீர்ப்பெழுதிப் பரணில் ஏற்றினேன். பதினைந்து வருஷமாக அங்கேதான் பள்ளி கொண்டிருக்கிறது.

அக்கா பெண் என்னைப் போல இல்லை. இரண்டு வருஷமாகப் பள்ளியில் சாதா கிட்டார் வாசிக்கிறாள். நன்றாகவே வாசிக்கிறாள்.

முதல் விஜயம், அண்ணா சாலையில் ஒரு கடை. பளபளவென்று ஒரு சிவப்பு கிட்டார். விலை 14,500. "பில் இருக்கு, வாரண்டி இருக்கு, ஏதாவது கோளாறுன்னா எங்ககிட்டயே கொண்டு வரலாம்" என்றார் விற்பனையாளர். நியாயமான பேச்சு. புதுசு வாங்குவதில் இருக்கிற பெரிய நிம்மதியே அதுதானே!

நான் பர்ஸைத் தொட்டேன். "ஆம்ப் வேணாமா மாமா?" என்றாள் இவள்.

அங்கேதான் இடித்தது. எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சாதா கிட்டார் மாதிரி வயிறு கிடையாது. பெரும்பாலும் கெட்டி மரக்கட்டைதான். தந்திகளுக்கு அடியில் காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அதிர்ந்தால் இதில் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கிச் சத்தமாக்கத் தனிப் பெட்டி வேண்டும். சின்ன ஆம்ப் 7,000. ஒயர், பிளெக்ட்ரம் வகையறா 700. கூட்டினால் 22,200. பட்ஜெட்டில் துண்டு விழுந்தது! கிட்டார் விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் படி இது.

தவிர, பி.காம். மூளை சும்மா இருக்குமா? கடை வாசலைத் தாண்டினால் புதுசும் பழசுதான். நாளைக்கே விற்றால்கூட வாங்கின விலை வராது. இந்தத் தேய்மானத்தை முதல் சொந்தக்காரர் தலையில் கட்டிவிட்டு இரண்டாவது ஆளாக நுழைவதுதானே புத்திசாலித்தனம்?

செல்போனில் விளம்பரம் தேடினோம். வேளச்சேரியில் ஒரு சாஃப்ட்வேர் இளைஞர் 8,000 சொன்னார். போய்ப் பார்த்தால், கிட்டார் கோயில் பிரசாதம் மாதிரி பட்டுத் துணிக்குள் இருந்தது. ஒரு கீறல் இல்லை. "ஏன் சார் விக்கறீங்க?" என்றேன்.

"ஆறு மாசம் முயற்சி பண்ணேன் சார். விரல்தான் வலிக்குது. நமக்கெல்லாம் வராது" என்றார், தரையைப் பார்த்தபடி.

எனக்குச் சுருக்கென்றது. எங்கேயோ கேட்ட வசனம்! இவள் இரண்டு தடவை மீட்டிவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு மாமா" என்று காதில் கிசுகிசுத்தாள். பிறகு சொல்கிறோம் என்று கிளம்பினோம்.

அடுத்தது வடபழனி. மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம் வாசித்த பெரியவர். வீட்டில் எல்லோரும் 'மாஸ்டர்' என்கிறார்கள். அவர் கிட்டாரைப் பார்த்ததும் பகீரென்றது. பெயின்ட் உதிர்ந்து, முழங்கை பட்ட இடமெல்லாம் மரம் தெரிகிறது. விலையோ 15,000!

ஆனால் இவள் வாசித்தாள் பாருங்கள்... விரல் தானாக ஓடியது. எனக்கே கேட்கச் சுகமாக இருந்தது. சரி, முடித்துவிடலாம் என்று நான் வாயெடுக்க, மாஸ்டர் கையமர்த்தினார்.

"பாப்பா, இது உனக்கு வேணாம்."

விற்க வந்தவர் வேண்டாம் என்கிறார்! கிட்டாரை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளை ஃபிரெட் என்கிறார்கள். தலைப்பக்கம் நாலைந்து ஃபிரெட்களில், தந்தி பட்டுப் பட்டுப் பள்ளமே விழுந்திருந்தது. "உழைச்ச கிட்டார் தம்பி. இன்னும் கொஞ்ச நாள்ல இதையெல்லாம் பிடுங்கிட்டுப் புதுசு போடணும். நல்ல செலவு. ஸ்டேஜ்ல வாசிக்கறவன் வாங்கலாம். படிக்கற பொண்ணுக்கு எதுக்கு?"

வேளச்சேரிக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"கீறல் இல்லாத பழைய கிட்டார்னா, பாதியில விட்டவன் கிட்டார்னு அர்த்தம். ஏன் விட்டான்? தந்தி உசரமா நின்னிருக்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்ல தந்திக்கும் கட்டைக்கும் நடுவுல ஒண்ணரை, ரெண்டு மில்லிமீட்டர் இருந்தாப் போதும். நாலு மில்லிமீட்டர் இருந்தா யாருக்குத்தான் வலிக்காது? கிட்டார் கம்பெனியிலேர்ந்து கப்பல் ஏறி, வெயில் மழையெல்லாம் பார்த்து வருது. மரம் அசையாம இருக்குமா? புதுசானாலும் பழசானாலும் ஒரு தடவை செட்டிங் பண்ணணும். அதை யாரும் சொல்றதில்ல. பசங்க தன் விரலைத் திட்டிக்கறாங்க."

வாசகர்களே, பதினைந்து வருஷத் தீர்ப்பு அந்த நிமிஷம் தள்ளுபடியானது. எனக்கு உடனே பேச வரவில்லை.

பழசில் எதைப் பார்க்க வேண்டும் என்று மாஸ்டர் நடத்திய பாடம் இதோ:

கழுத்துதான் முதல். துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுவையில் இரவு பகலாக இழுக்கின்றன. லேசான வளைவு இருக்கலாம்; கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருகிச் சரி செய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள். எங்காவது வண்டு மாதிரி ரீங்காரம் வந்தால், அங்கே தகராறு.

மூன்றாவது, ஆம்ப்பில் மாட்டிக் குமிழ்களைத் திருகுங்கள். கரகரப்பு பெரும்பாலும் அழுக்குதான். விலையைக் குறைக்கத்தான் உதவும்! சத்தமே வராவிட்டால் யோசியுங்கள்.

நாலாவது, தலையில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

"பழசுன்னா கேவலம்னு நினைக்காதே பாப்பா" என்று அவர் சொன்ன கதை சுவையானது. எரிக் கிளாப்டன் 1970-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கடையொன்றில் பழைய ஃபெண்டர் கிட்டார்களை மலிவாக அள்ளினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றில் நல்ல பாகங்களாகப் பொறுக்கி ஒரே கிட்டாராகச் சேர்த்தார். 'பிளாக்கி' என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் வாசித்தார். அந்த ஒட்டுப்போட்ட கிட்டார் 2004-ல் ஏலத்தில் போன விலை 9,59,500 டாலர்! (இந்தத் தேய்மானம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.)

அப்படிப் பிரித்து மாட்ட முடிந்ததற்குக் காரணம் லியோ ஃபெண்டர். கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு திருகாணியில் நிறுத்தினார். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அதற்கு முன்பு கணக்கெழுதியவர், அக்கவுன்டன்சி படித்தவர். கடைசி வரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. நம்ம ஜாதி! நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம் என்ன? மறுபடி வேளச்சேரி. இவள் ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தாள். நேராக இருந்தது. ஃபிரெட்கள் புதுசாக மின்னின. ஒரு குமிழ் மட்டும் கரகரத்தது. அதைச் சொல்லி 7,500-க்கு முடித்தோம். மாஸ்டரிடம் செட்டிங், புதுத் தந்தி 1,300. ஆம்ப் 7,000. ஒயர் வகையறா 700. மொத்தம் 16,500. மீதி 3,500-ஐ அக்கா கையில் வைத்தபோது, தம்பி பி.காம்.தான் என்று முதன்முறையாக நம்பினாள்.

என் பரண் கிட்டாரையும் தூசி தட்டி மாஸ்டரிடம் கொண்டு போயிருந்தேன். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பதினைந்து கோடை வெயிலில், தந்தியை இறக்காமல் பரணில் போட்டதில் கழுத்து முறுக்கிக்கொண்டுவிட்டதாம். "கழுத்து மட்டும் வாங்கி மாட்டலாம் தம்பி. கிட்டார் விலையைவிடக் கழுத்து விலை ஜாஸ்தி." அன்றைக்கே யாராவது ஒரு ஆலன் கீயால் நாலு திருகு திருகியிருந்தால்... ஹும்!

அதனால் என் சிபாரிசு இதுதான். கூட வந்து பார்க்கத் தெரிந்த ஆள் இருந்தால், அதிகம் உழைக்காத பழசை வாங்குங்கள். ஆள் இல்லையென்றால் பில்லோடு புதுசே வாங்குங்கள். எதுவானாலும் செட்டிங்குக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிவிட்டு, அதற்கப்புறம் விரலைத் திட்டுங்கள்.

செட்டிங் முடிந்த கிட்டாரை இவள் வாசித்தபோது கேட்டாள்: "மாமா, வேளச்சேரி அண்ணன்கிட்ட அவர் விரல்ல தப்பில்லைன்னு சொல்லிடலாமா?"

'வித்ததைத் திருப்பிக் கேட்டால்?' என்று கணக்கு மூளை தடுத்தது. ஆனாலும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எதிர்முனையில் ரொம்ப நேரம் மௌனம்.

கடைசியில் கேட்டார். "சார்... அந்த மாஸ்டர்கிட்ட இருக்கிற பழைய கிட்டார் வித்துப்போச்சா?"