தாத்தாவின் ஹெரால்டு கார்: ஊறிப்போன டோர் பேடை ஏன் தூக்கிப் போடக் கூடாது?

பேராவூரணி பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீடு. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஷெட்டில், தார்ப்பாய் போர்த்தி ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் பேரன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், 'இதை ஓட வைக்கணும்' என்று இறங்கிவிடுகிறார். இன்ஜினுக்கு மெக்கானிக், பாடிக்கு டிங்கர், பெயின்ட்டுக்கு ஆள் என எல்லாம் பேசி முடிகிறது. கதவின் உள்பக்கம் ஊறி உப்பி, ரெக்ஸின் கிழிந்து தொங்கும் அட்டையைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அட்டைதானே தம்பி, பிச்சுப் போட்டுட்டு புதுசா அடிச்சுக்கலாம்."

தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன்

ஹெரால்டு பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இதே சேஸிஸைக் குட்டையாக்கி 1962-ல் வந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்க இன்றும் ரசிகர்கள் உள்ள, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். நம்மூரில் ஸ்பிட்ஃபயர் தயாராகவில்லை. அதன் அண்ணனான ஹெரால்டை, சென்னை வண்டலூர் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது.

வெளிநாட்டில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கு டோர் பேட் பெரிய கவலையில்லை. அளவெடுத்துத் தைத்த புது செட் கடையிலேயே கிடைக்கும். இரண்டு கதவு ஹெரால்டுக்கும் முயன்றால் வரவழைக்கலாம். சிக்கல், இங்கே பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்டுக்குத்தான். பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வரவே இல்லை. அப்படியிருக்க, அதன் பின்கதவு அட்டையை அங்கே யார் செய்து வைத்திருப்பார்கள்? உங்கள் ஷெட்டில் உப்பிக் கிடக்கும் அந்த அட்டைதான் மிச்சமிருக்கும் ஒரே அளவு. அது குப்பைக்குப் போனால், கிளிப் ஓட்டை எங்கே, கைப்பிடி ஓட்டை எங்கே என்று குத்துமதிப்பாகத் தேட வேண்டியதுதான்.

கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. கார் கதவு தண்ணீர் புகாத பெட்டி கிடையாது. கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர், ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும். கீழே உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேறும். எல்லாக் கார்களும் அப்படித்தான். அந்த ஓட்டைகள் தூசியும் துருவும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். தகரம் அடியிலிருந்து அரிக்கும், அட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பும்.

பேராவூரணியில் இது இன்னும் வேகமாக நடக்கும். கடல் பக்கம், உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை. ஆகவே முதல் வேலை ரெக்ஸின் கலர் தேர்வு செய்வதல்ல. ஒரு கம்பியை விட்டு அந்த ஓட்டைகளைத் திறப்பது. கதவின் உள்பக்கத் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, கண்ணாடி ஏற்றும் மெக்கானிசத்துக்கு கிரீஸ் வைத்து, பூட்டையும் நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட வேண்டும். பேட் மாட்டிய பிறகு 'கண்ணாடி இறங்கலையே' என்றால் எல்லாவற்றையும் மறுபடி கழற்றணும்.

கழற்றும்போது கவனம்

கண்ணாடி சுற்றும் கைப்பிடியில் ஸ்குரூவைத் தேடிப் பயனில்லை. கைப்பிடிக்குப் பின்னால் உள்ள வட்டத் தகட்டை அட்டைப் பக்கம் அழுத்தினால் குறுக்கே ஒரு சின்ன பின் தெரியும். அதை மெல்லிய கம்பியால் தள்ளினால் கைப்பிடி கையோடு வரும். பின் தெறித்து மண்ணில் விழுந்தால் தேடிச் சலித்துவிடும், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். பேடின் ஓரத்தில் ஸ்பிரிங் கிளிப்கள். நடுவில் பிடித்து இழுத்தால் அட்டை கிழியும். தட்டையான கத்தியை ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் விட்டு நெம்ப வேண்டும்.

கழற்றிய அட்டையை நிழலில், மேலே பாரம் வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வளையும். ஊறிய அட்டை கொஞ்சம் பெருத்திருக்கும் என்பதால், அதை வைத்துக் கோடு போட்டாலும், வெட்டுவதற்கு முன் சாதாரண அட்டையில் ஒரு மாதிரி செய்து கதவில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இடது, வலது, முன், பின் என்று பின்புறம் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

புது அட்டைக்கு 3 மி.மீ. ஹார்டுபோர்டு அல்லது அதே அளவு மரைன் பிளைவுட் போதும். ஓட்டைகளைப் போட்டு முடித்த பிறகு, இரண்டு பக்கமும், முக்கியமாக ஓரங்களிலும், வார்னிஷ் அடிக்க வேண்டும். ஈரம் ஏறுவது ஓரம் வழியாகத்தான். அதன் மேல் மெல்லிய ஃபோம், அப்புறம் ரெக்ஸின். குஷன் கடையில் ஒட்டித் தருவார்கள். பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்டணும். மழைநாளில் ஒட்டச் சொல்லாதீர்கள், காற்றில் ஈரம் இருந்தால் பிடிப்பு சரியாக வராது. சுற்றுவட்டாரத்தில் தேங்காய் நாருக்குப் பஞ்சமில்லைதான். சீட்டுக்கு அது சரி, ஆனால் கதவில் ஃபோமுக்குப் பதிலாக வைத்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு பாலித்தீன் தாள் செய்யும் வேலை

மாட்டும் நாளில் பெரும்பாலோர் விட்டுவிடுவது, கதவுக்கும் பேடுக்கும் நடுவே வர வேண்டிய பாலித்தீன் தாள். விலை சொற்பம். அது இல்லாவிட்டால் முதல் மழையிலேயே புது அட்டை பழைய அட்டையின் வழிக்குப் போகும். கதவின் பெரிய ஓட்டைகளை மூடி ஓரங்களை ஒட்டிவிட்டு, தாளின் கீழ் ஓரத்தை மட்டும் கதவுக்கு உள்ளே செருகிவிட வேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் தண்ணீர் திரும்பக் கதவுக்குள் விழுந்து, அடி ஓட்டை வழியாக வெளியே போகும். வெளியே தொங்கவிட்டால் நேராகக் கார்ப்பெட்டில்தான் இறங்கும்.

பிறகு கிளிப்களை ஒவ்வொன்றாக நேர் பார்த்து உள்ளங்கையால் தட்டினால் உட்காரும். உட்காராவிட்டால் ஓட்டை தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அடித்து ஏற்றாமல் அட்டையின் ஓட்டையைத் திருத்துங்கள். பழைய கிளிப் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுவதே மேல்.

இன்னொரு தகவல். பதிவு செய்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 'விஏ' என்ற எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். கதவையே வெட்டி நவீன பேடுக்கு இடம் பண்ணும் யோசனை இருந்தால், விதியை ஒருமுறை படித்துவிட்டு டிங்கரிடம் போங்கள்.

கடைசியாகக் கைப்பிடி. இரண்டு பக்கக் கண்ணாடியையும் முழுக்க ஏற்றிவிட்டு, இரண்டு கைப்பிடியும் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்து, அதன் பிறகு பின்னைச் செருகுங்கள்.