வளரிளம் பருவம்: பாடத்தில் இருப்பதும் சீட்டில் வருவதும்

பத்தாம் வகுப்பு மாணவர்கள் கருத்தடை முறைகளை வரிசையாக எழுதிவிடுவார்கள்; படம் வரைந்து பாகங்களும் குறிப்பார்கள். ஆனால் பெயர் எழுதாமல் சந்தேகங்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னால் வருபவை வேறு. என் ஒன்பதாம் வகுப்புப் பெட்டியில் வந்தவற்றில் மூன்று: "தூக்கத்தில் தானாக வெளியேறுவது நோயா?" "முத்தம் கொடுத்தால் குழந்தை உண்டாகுமா?" "இரண்டு மாதமாக வரவில்லை, ஏன்?"

முதல் கேள்வியைக் கேட்டவனுக்கு வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை. பெண் பிள்ளைக்கு அம்மாவோ அத்தையோ அரைகுறையாகவாவது சொல்கிறார்கள். பையனுக்குச் சொல்வது நண்பனும் கைப்பேசியும், லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரின் சுவரொட்டியும்தான். ஒரு சொட்டு விந்து பல சொட்டு இரத்தத்துக்குச் சமம் என்ற பயத்தை வைத்தே அந்தத் தொழில் நடக்கிறது. இரத்தம் விந்தாக மாறுவதில்லை என்பதை வகுப்பில் நேராகவே சொல்லலாம். விந்தணுக்கள் விந்தகத்தில் தொடர்ந்து உருவாகின்றன. திரவத்தைப் பெரும்பாலும் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கின்றன. அது தூக்கத்தில் வெளியேறுவது இயல்பு. உடல் இளைக்காது, மருந்தும் வேண்டாம். எட்டாம் வகுப்பு 'வளரிளம் பருவமடைதல்' பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டால், இதைச் சொல்ல வேறு இடமே இல்லை.

இரண்டாவதற்கு ஒரே வரி போதும்: உண்டாகாது, விந்தணு கருமுட்டையைச் சேர்ந்தால்தான் கரு.

மூன்றாவது சீட்டில் நிதானம் தேவை. பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகள் கருமுட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிப்படாததால் மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம். மூன்று மாதம் வராவிட்டாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற நேர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதிக இரத்தப்போக்கால் சோகை வரும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை எதற்கு என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொன்னால், ஜன்னல் வழியே எறிவது குறையும்.

அதே கேள்விக்குப் பின்னால் யாரோ ஒருவர் செய்த கொடுமையும் இருக்கலாம். சீட்டில் பெயர் இல்லை, கையெழுத்தை வைத்துத் துப்பறியவும் கூடாது. பதிலை வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிட்டு, "தனியாகப் பேச வேண்டியவர்கள் மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வரலாம், 1098-க்கும் அழைக்கலாம்" என்று முடிப்பது என் வழக்கம். வருகிற பிள்ளையிடம் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நம் கடமை. மறைத்தால் தண்டனை உண்டு. யாருக்கெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அந்தப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.