கிரீமா, சந்தனமா?

முடிவு செய்வது ஷேட் கார்டு அல்ல, அறைக்குள் வரும் வெளிச்சம்

மழை ஓய்ந்து சுவரில் ஈரம் வற்றிய பிறகுதான் மும்பையில் பிரஷ்ஷைத் தொட முடியும். அதற்குள் தீபாவளி வந்துவிடும். பெயின்ட் கடைகளில் நெரிசல். வீட்டுக்கு வீடு நடக்கும் வாக்குவாதம் கடைசியில் இரண்டு நிறங்களில் வந்து நிற்கும்: கிரீமா, சந்தனமா?

ஷேட் கார்டில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான். சுவரில் ஏறினால் கதை மாறும். விரலளவு அட்டையில் வெளிறித் தெரிந்த நிறம் நான்கு சுவர்களிலும் பூசியதும் அழுத்தமாகிவிடும். ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புவதே காரணம்.

தாராவியின் சந்துகளில் பல அறைகளுக்குப் பகலிலும் டியூப் லைட்தான் சூரியன். நீலம் கலந்த அந்த வெள்ளை ஒளியில் சந்தனத்தின் மஞ்சள் மங்கி, புதுச் சுவரே அழுக்கேறியதுபோல் தெரியலாம். அங்கே கிரீமுக்கே ஓட்டு. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் அதிகப் பங்கை அது திருப்பித் தரும்.

மாட்டுங்கா நிலவரம் வேறு. 1896-ல் பரவிய பிளேக் நோயை அடுத்து 1898-ல் அமைக்கப்பட்ட பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்றே தாதர்-மாட்டுங்கா பகுதியைத் திட்டமிட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறிய பகுதி அது. வெயில் தாராளமாக விழும் அறையில் கிரீம் வெளுத்து, கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். நிறமாக நிற்பது சந்தனம்தான்.

செம்பூரில் மரங்கள் அடர்ந்த தெருவென்றால் ஜன்னல் வழியே பச்சைச் சாயலும் உள்ளே வரும். மஞ்சள் தூக்கலான கிரீம் அங்கே பச்சை தட்டும். லேசாகச் சிவப்பு கலந்த சந்தனம் அதைச் சமன் செய்யும்.

சந்தேகம் தீர வழி உண்டு. இரண்டு நிறத்திலும் சின்ன டின் வாங்கி, இரண்டு பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்துக் காயவிட வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் ஒளிந்திருக்கும் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று தெரியும். சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, காலை, மாலை, விளக்கு வெளிச்சம் மூன்றிலும் பார்க்க வேண்டும். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்வது நல்லது.

இதற்கு ஒரு நாள் போகும். அவசரப்பட்டுப் பூசிவிட்டு மனம் மாறினால் பெயின்டோடு கூலியும் இரண்டு மடங்கு. அடுத்த சில வருஷங்கள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போவது கடைக்காரர் அல்ல.